நிலைக்கடியில் கிடந்த ரூபாய்

செவல்குறிச்சியில் வாட்ச் ரிப்பேர் பக்கீர் மைதீனைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வாட்சுக்காக வருவதில்லை, பழைய காசுக்காக வருவார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு பழைய காசு இருக்கத்தான் செய்கிறது, எல்லாரிடமும் அது லட்சக்கணக்கில் போகும் என்று எவனோ செல்போனில் சொல்லித்தான் வைத்திருக்கிறான். துணி முடிச்சிலும் தீப்பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் அவர்கள் கொண்டுவரும் காசை, வாட்சுக்குள் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்துவிட்டு, பக்கீர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார்: இதைக் கம்பெனிக்கு அனுப்பலாமா, வேண்டாமா. வடக்கே அப்படி ஒரு கம்பெனி இருந்தது. காசை அனுப்பினால் அது அசலா போலியா என்று பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மறுபடி யாரும் திறக்க முடியாதபடி ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். மதிப்பெண் வாங்கிய காசுக்கு மவுசே தனி. ஆனால் அவர்கள் கேட்கிற கூலிக்குத் தேய்ந்த காசை விற்றால் ஈடுகட்டாது. அதனால் பக்கீர் வாயிலிருந்து வருகிற பதில் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும். வந்தவர்கள் அவரை முணுமுணுவென்று திட்டிக்கொண்டே படியிறங்குவார்கள், அவரும் அடுத்த வாட்சைத் திறப்பார்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். நடுவில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்படி, அடுப்படியில் அவர் மனைவி பாத்துமுத்து. இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் பாத்துமுத்துவின் உயிரை விட்டுவிட்டுக் காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது. அதிலிருந்து அவள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். ஊரில் பலபேர் பேசுவது அவளுக்குப் பிடிபடாது. மீசை மறைக்கும், வெற்றிலை அதக்கும், பாதிப் பேருக்கு வாய் திறக்கவே கஞ்சத்தனம். பக்கீரின் உதடு மட்டும் அத்துப்படி. சந்தையில் நின்று யாராவது ஏதாவது சொன்னால் பாத்துமுத்து சொன்னவரைப் பார்க்கமாட்டாள், திரும்பிப் புருஷனைப் பார்ப்பாள், அவர் சத்தமில்லாமல் அதையே திருப்பிச் சொல்வார். ராத்திரியில் விளக்கை மட்டும் அணைக்க விடமாட்டாள். இருட்டில் உதடு தெரியாது, அப்புறம் அவளுக்கு யாருமே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சித்திரை மாசத்தில், இட்லிக்கடை உலகம்மாள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வெள்ளி ரூபாயோடு கடைப்படி ஏறினாள்.

"வீட்ட இடிச்சோம்லா பாய், பழைய வாசல் நிலைக்கடியில இது கெடந்துச்சு. எங்க பாட்டையா நிலை வைக்கையில நவதானியத்தோட போட்டது. புது நிலைக்குக் கீழ வேற காசு போட்டுட்டேன். இது போகுமா, போகாதான்னு பாத்துச் சொல்லுங்க. செவரு எழும்பித் தளம் போட வழியில்லாம நிக்கு. ஆனியில சாரல் எறங்கிட்டா என் பாடு திண்டாட்டந்தான்."

முடிச்சை அவிழ்த்தார். ராஜா தலை போட்ட ரூபாய். முதலில் வெள்ளிதானா என்று பார்க்க வேண்டும். எல்லாரும் சுண்டித் தரையில் போடுவார்கள், பக்கீர் அப்படிச் செய்யமாட்டார். விரல் நுனியில் காசைப் படுக்க வைத்து, நகத்தால் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டு. அசல் வெள்ளி என்றால் நங் என்று ஒரு சத்தம் எழுந்து, நீண்டு, இழைந்து அடங்கும். இந்தக் காசும் நங் என்றது, நீண்டது, இழைந்தது, அடங்கவில்லை. பக்கீர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். உலகம்மாளும் காத்திருந்தாள். காசைக் கைக்குள் பொத்தினார், மறுபடி துணியில் சுற்றினார், மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார், சத்தம் அது பாட்டுக்கு இருந்தது. நல்ல வெள்ளிதான் என்று சொன்னார். கதவு திறந்து, கையில் கரண்டியோடு பாத்துமுத்து வந்து நின்றாள்.

"யாரு மணியடிக்கா?" என்று கேட்டாள்.

பக்கீர் எழுந்து அவளைப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்து, கேட்கிறதா என்று கேட்டார். நீங்கள் பேசுவது கேட்கவில்லை, மணி கேட்கிறது என்றாள். உலகம்மாள் மதினி, மதினி என்று பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், அது கேட்கவில்லை. பக்கீர் அலாரம் கடிகாரத்தை அவள் காதோரம் வைத்து அடிக்கவிட்டார், அதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பாத்துமுத்து கரண்டியோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது, அன்றைக்கு எல்லாரும் உலகம்மாள் கடை இட்லிதான் சாப்பிட்டார்கள்.

சத்தம் ஒன்றும் பெரிதில்லை, பக்கத்து அறையில் யாரோ மெல்லப் பாடுகிற அளவுதான். ஆனால் கடைக்குள் எவ்வளவோ அவ்வளவேதான் ஆற்றங்கரையிலும், அவ்வளவேதான் கிழக்கே பஸ் பாலத்திலும், பாலத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தால் இல்லை. முதல் நாள் மின்சார லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரை நிறுத்திப் பார்த்தார், ஊர் வியர்த்ததே தவிரச் சத்தம் நிற்கவில்லை. இரண்டாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வந்து காசைக் கையில் வாங்கிப் பார்த்து, இது எந்தத் துறைக்குக் கீழே வரும் என்று யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதோடு ஊர் ஆச்சரியப்படுவதை நிறுத்திக்கொண்டு, அவரவர் வேலைக்கு அது எப்படித் தோதுப்படும் என்று பார்க்கத் தொடங்கியது. நாகசுரம் சங்கரலிங்கக் கம்பர் மூன்று கல்யாணத்தில் சுருதி சேராமல் முகம் சிவந்து, பிறகு சீவாளியை மாற்றி மாற்றி வைத்து அந்தச் சத்தத்துக்கே சேர்த்துக்கொண்டு, கூடவே சுருதிக்கு ஒத்து ஊதுகிற தன் மச்சினனுக்கு நிரந்தரமாக லீவு கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலைப் பாட்டை ஆளுக்கொரு திசையில் இழுக்காமல் ஒரே இடத்தில் தொடங்கினார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார், நான் எப்போதும்போலத்தான் சொல்கிறேன் என்று சாதித்தார், ஆனாலும் அவரும் சுருதி சேர்த்துக்கொண்டது கேட்டவர்களுக்குத் தெரியும். தென்காசி பஸ்ஸில் தூங்கி வருகிறவர்கள் பாலம் தாண்டியதும் தாமே விழித்துப் பையை எடுத்துக்கொண்டதால் கண்டக்டருக்குத் தொண்டை மிச்சமானது. ஊரில் இருந்துகொண்டே மதுரையில் இருக்கிறேன் என்று போனில் பெண்டாட்டியிடம் சொல்லி வந்த ஆண்களுக்கு மட்டும் பெரிய கஷ்டமாகப் போயிற்று. பாலத்தடி மாடசாமி வீட்டில் ஓர் அறை சத்தத்துக்கு உள்ளேயும் இன்னோர் அறை வெளியேயும் இருந்ததால் மாமியாரும் மருமகளும் அறையை மாற்றிக்கொண்டார்கள். யார் எதற்கு மாற்றச் சொன்னது என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது. வைகாசி பிறப்பதற்குள் மனை விற்கிறவர்கள் "சத்தத்துக்குள் வரும் இடம்" என்று போர்டு எழுதி நட்டுவிட்டார்கள்.

பாத்துமுத்து அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. மாவு பிசையும்போது கேட்டாள், மீன் கழுவும்போது கேட்டாள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தும் கேட்டாள். கொஞ்ச நாளில் கூடவே முனகவும் ஆரம்பித்தாள், குரல் அங்கே இங்கே போய் முட்டிக் கடைசியில் அந்தச் சத்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் படுக்கும்போது தானே கையை நீட்டி விளக்கை அணைத்தாள். பக்கீர் அந்த இருட்டில் விழித்துக் கிடந்து, தனக்கு வயசு குறைந்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

அந்த சந்தோஷத்தில் கல் விழுந்தது ஒரு சாயங்காலம். எப்போது சொல்வீர்கள், எப்போது சொல்வீர்கள் என்று உலகம்மாள் நச்சரித்ததால், மதிப்பெண் வாங்கிய காசு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, பார்சலில் வைத்து அனுப்பும் வட்டமான பிளாஸ்டிக் சிமிழுக்குள் ரூபாயை வைத்து மூடியை அழுத்தினார். டக் என்று மூடியது, சத்தம் நின்றது. தெருவில் கம்பர் பாதி ராகத்தில் தடுமாறினார். அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு பாத்துமுத்து ஓடி வந்தாள், அவள் அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை.

"என்ன செஞ்சிய? என்னத்தச் செஞ்சிய?"

பக்கீர் நகத்தைக் கொடுத்து நெம்பி மூடியைத் திறந்தார். சத்தம் விட்ட இடத்திலிருந்து மறுபடி வந்தது. பாத்துமுத்து கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினாள், கதவெல்லாம் மாவு. துணிக்கும் பூட்டுக்கும் அடங்காதது பிளாஸ்டிக்குக்கு அடங்குகிறது என்று அன்று மூன்று பேருக்கும் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு பக்கீர் அந்தக் காசைப் பார்த்ததுபோல எந்தக் காசையும் பார்த்ததில்லை. ஒரு குற்றம் கிடைத்தால் போதும், வேண்டாம் என்று மனசாரச் சொல்லிவிடலாம். ராஜாவின் மீசை முதலில் தேயும், மீசையில் மயிர் மயிராகத் தெரிந்தது. காது மடல் தேயும், மடல் மடலாகவே இருந்தது. கிரீடத்து முத்துக்களை எண்ணினார், ஒன்றும் மழுங்கவில்லை. விளிம்பில் வெட்டு இல்லை, தட்டு இல்லை, யாரும் நகையாகக் கோக்க ஓட்டை போடவில்லை. சாய்த்தால் வெளிச்சம் சக்கரம்போலச் சுற்றி வந்தது, அச்சடித்த அன்றைக்கு இருந்த பளபளப்பு அப்படியே. உலகம்மாளின் பாட்டையா யாரிடமோ புத்தம் புதுசாக வாங்கி, ஒரு கடையிலும் மாற்றாமல், மஞ்சள் துணியில் முடிந்து நேரே நிலைக்கடியில் வைத்திருக்கிறார். ஒரு ஆழாக்கு உப்புக்கூட அது வாங்கியதில்லை. மஞ்சள் துணியின் சாரம் ஏறி ஏறி விளிம்பைச் சுற்றிப் பொன் நிறமும் கொஞ்சம் நீலமும் படர்ந்திருந்தது. சேகரிக்கிறவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். இப்படி ஒரு காசு தன் ஆயுசில் கைக்கு வராதா என்று பக்கீர் ஆசைப்பட்டதுண்டு. வந்தபோது அதன்மேல் அவருக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் பார்க்க வேண்டும், இன்னும் பார்க்க வேண்டும் என்று தட்டிக் கழித்தார்.

ஊருக்குள்ளும் பேச்சு கிளம்பியது. சத்தம் ஊருக்குப் பொது, காசை வெளியே அனுப்பக் கூடாது என்று டீக்கடையில் சிலர் பேச, தலைவர் அதைச் சொல்ல உலகம்மாள் கடைக்கே போனார். அவள் இட்லித் துணியை உதறிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சத்தம் ஊருக்குப் பொதுன்னா செவரும் பொதுதான? தளத்தப் போட்டுக் குடுங்க தலைவரே, காசு இங்கனயே கெடந்து பாடட்டும்."

வைகாசி கடைசியில் மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்தது. ஒரு வியாழக்கிழமை உலகம்மாள் பக்கீரின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், நச்சரிக்கவில்லை.

"பாய், நீங்க மதினிக்காகத்தான் சொல்லாம இருக்கியன்னு எனக்குத் தெரியாம இல்ல. எனக்கும் மனசு கேக்கல. ஆனா நேத்து விழுந்த தூத்தலுக்கே பிள்ளையள வச்சுக்கிட்டுத் தார்ப்பாய்க்கடியில ஒண்டிக் கெடந்தேன். போகாதுன்னா போகாதுன்னு சொல்லிருங்க, வேற வழி பாக்கேன். உங்க வார்த்தைய நான் சந்தேகப்படமாட்டேன்."

கடைசி வாக்கியம் பக்கீரைக் குத்தியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதவோரத்தில் பாத்துமுத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அனுப்பலாம் தாயி. இவ்வளவு நல்ல காசு நான் பாத்ததில்ல" என்றார். சொன்னபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, கூடவே ஏதோ பிய்ந்துகொண்டும் போனது.

உலகம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வெள்ளிக்கிழம. புது நிலைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, காசையும் பக்கத்துல வச்சுக் கும்பிட்டுட்டு, சனிக்கிழம காலையில கொண்டாந்து தாரேன். வெளியூருக்குப் போற பொருளு, மொட்டையா அனுப்பக் கூடாதுலா."

பக்கீர் காசை மஞ்சள் துணியில் முடிந்தார். இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் அந்த ஊரில் எந்த வீட்டிலும் வெள்ளிச் சாமான் அழுக்காகச் சாமி முன்னால் போகாது. புளி போட்டு அலசி, விபூதியைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித்தான் வைப்பார்கள். அப்படித் தேய்த்த காசை வாட்ச் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கோடு விழுந்திருக்கும், நிறமும் பளபளப்பும் போயிருக்கும், கம்பெனிக்காரன் "தேய்த்துக் கழுவப்பட்டது" என்று எழுதி மதிப்பெண் போடாமல் திருப்பிவிடுவான். நல்ல காசுகள் முக்கால்வாசி செத்தது இந்த மரியாதையால்தான். அதனால் காசோடு யார் படியிறங்கினாலும் பக்கீர் ஒரு பாடம் ஒப்பிப்பார்: கழுவாதீங்க, துடைக்காதீங்க, விபூதி புளி கிட்டவே கொண்டுபோகாதீங்க. வருஷக்கணக்காக, ஆயிரம் பேரிடம், செல்லாத காசு கொண்டுவந்தவனிடம்கூட அதைச் சொல்லாமல் அவர் விட்டதில்லை.

முடிச்சை உலகம்மாள் கையில் வைத்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, அனுப்பலாம் என்று உண்மையைத்தானே சொன்னோம், அவள் வீட்டில் அவள் என்ன செய்கிறாள் என்பது அவள் பாடு என்று மனசு வக்கீல்போல எடுத்துக் கொடுத்தது. உலகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டாள்.

"ஏ உலகு, நில்லு."

காது கேளாதவர்களின் குரலுக்கே உள்ள ஏற்ற இறக்கமில்லாத உரத்த குரல். பாத்துமுத்து கீரையை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள். பக்கீரைப் பார்க்கவில்லை.

"அதக் கழுவாத. தொடைக்காத. விபூதி, புளி கிட்டயே கொண்டு போகாத. தேச்சேன்னா கெட்டுப்போவும், பைசாவுக்குப் போவாது. துணியோட அப்படியே வச்சுக் கும்புடு."

"நல்ல வேள சொன்னிய மதினி, புளிய ஊறப்போட்டுட்டுல்லா வந்தேன்" என்று உலகம்மாள் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பாத்துமுத்து உள்ளே போய்ச் சிந்திய கீரையைப் பொறுக்கினாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை; அவள் பார்க்காவிட்டால் அவரால் அவளிடம் ஒன்றும் பேச முடியாது. வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் காசு வந்தது, விளிம்பில் பொன்னும் நீலமும் அப்படியே இருந்தன. அது வடக்கே போய், கம்பெனிக்காரர்களே வாய்பிளக்கிற மதிப்பெண் வாங்கி, நல்ல விலைக்குப் போய், சாரலுக்கு முன்னால் இல்லாவிட்டாலும் சாரலுக்கு நடுவிலாவது உலகம்மாள் வீட்டுக்குத் தளம் போட்டார்கள் என்பதெல்லாம் பிறகு நடந்தது. அன்று காலையில் பக்கீர் மேசையில் பிளாஸ்டிக் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கை போகவில்லை. பாத்துமுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, மூடுங்க என்றாள்.

டக் என்றது.

தெருவில் ஒரு நிமிஷம் எல்லாரும் ஏதோ வைத்த இடம் மறந்துபோனவர்களைப்போல நின்றார்கள், பிறகு நடந்தார்கள். பாத்துமுத்து பக்கீரின் முகத்தை, மூன்று நாளில் முதல்தடவையாக, நேராகப் பார்த்தாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் பக்கீர். குரல் பாதிதான் வந்தது. அவளுக்கு அது தெரியப்போவதில்லை, உதடு அசைந்தால் போதும்.

"நீங்க சொல்லாம இருந்தத நான் பாத்தேன்" என்றாள் பாத்துமுத்து. "உங்க வாயப் பாத்துத்தான் நான் இந்த உலகத்தக் கேக்கேன். அந்த வாய் எனக்காவ ஒரு பொம்பளைய ஏமாத்திச்சுன்னா, நாளைக்கு எனக்கு நல்லது செய்யிதேன்னு என்னையும் ஏமாத்தும். அப்புறம் நான் எதக் கேப்பேன்?"

பக்கீருக்கு அழுகை வந்தது, அழுதார். பாத்துமுத்து அவரை அழுது முடிக்க விட்டாள். பிறகு, வெளியே என்ன சத்தம் என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிச்சம் படுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். கம்பர் சுருதி கிடைக்காமல் மச்சினனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். பஸ் பாலத்தில் ஹாரன் அடிக்கிறது, மாடசாமி வீட்டில் அறைச் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது, உலகம்மாள் கடையில் கல்லில் தோசை சுருசுருவென்கிறது, ஓட்டின்மேல் சாரலின் முதல் துளி விழுகிறது என்று, ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். பாத்துமுத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.